தைராய்டு மாத்திரையின் கம்பெனி மாறினால் தோல் தடிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளி ஆசிரியை. ஆறு வருடமாகத் தைராய்டு குறைவுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். இதுவரை ஒரே கம்பெனிதான். போன மாதம் மெடிக்கலில் அது ஸ்டாக் இல்லை என்று வேறு கம்பெனி பாட்டிலைக் கொடுத்தார்கள். "உள்ளே மருந்து ஒண்ணுதாம்மா" என்றார் கடைக்காரர். பத்தாவது நாளிலிருந்து கைகளிலும் வயிற்றிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிக்கிறது. நாத்தனார் சொல்லி நான்கு நாள் மாத்திரையை நிறுத்தினேன், செட்ரிசினும் போட்டுக்கொண்டேன். அடங்கிவிட்டது. மறுபடி ஆரம்பித்த இரண்டாம் நாளே தடிப்பு வந்துவிட்டது. மாத்திரைதான் காரணமா? இனி தைராய்டு மாத்திரையே எனக்கு ஆகாதா? பின்குறிப்பு: மாமியார் சொன்னதால் தடிப்பு வந்ததுமே கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டேன். சரிதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்:

மாத்திரை காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்து நான் அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். நிறுத்திப் பார்த்தீர்கள், அடங்கியது, ஆரம்பித்தீர்கள், வந்தது. கேட்பதற்குத் தெளிவான சாட்சி போலத்தான் இருக்கிறது. ஆனால் அதே நான்கு நாளில் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையும் போட்டிருக்கிறீர்கள். தடிப்பை அடக்கியது மாத்திரையை நிறுத்தியதா, செட்ரிசினா? இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டதால் எதற்கு மார்க் போடுவது என்று தெரியவில்லை. ஆசிரியை என்கிறீர்கள், இந்தச் சிக்கல் உங்களுக்குப் புரியும்.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. மருந்து ஒன்றுதான். இரண்டு பாட்டிலிலும் இருப்பது லெவோதைராக்ஸின் சோடியம். அது நம் கழுத்தில் உள்ள சுரப்பி தானே தயாரிக்கும் ஹார்மோனின் அச்சு அசலான நகல். ஆனால் மாத்திரை என்பது மருந்து மட்டும் இல்லை. உங்களுடையது 75 மைக்ரோகிராம். மாத்திரையின் எடை சுமார் நூறு மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் மருந்து ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அந்தத் துளியை மட்டும் தனியாக எடுத்துக் கையில் வைத்தால் கண்ணில் படுவதே கஷ்டம். மீதி அத்தனையும் அதைச் சுமக்க வந்த கூட்டம்: பாலிலிருந்து எடுத்த லாக்டோஸ் சர்க்கரை அல்லது அதற்குப் பதிலாக மானிட்டால், மக்காச்சோள மாவு, செல்லுலோஸ், போவிடோன், மெக்னீசியம் ஸ்டீரேட், சிலவற்றில் கோந்து. அந்தக் கோந்து நம்மூர்க் கருவேலத்துக்கு உறவுக்கார மரத்தின் பிசின். அப்புறம் சாயம். சில கம்பெனிகள் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம் கொடுப்பார்கள், சிலர் எல்லாவற்றையும் வெள்ளையாகவே விட்டுவிடுவார்கள். கம்பெனி மாறும்போது மாறுவது இந்தக் கூட்டம்தான்.

ஆறு வருடமாக அதே ஹார்மோனை ஒரு வம்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்ட உடம்பு, திடீரென்று அதையே எதிர்ப்பது மிக அபூர்வம். அதனால் "தைராய்டு மாத்திரையே ஆகாதா" என்ற பயத்தை இப்போதே இறக்கி வைக்கலாம். உங்கள் நான்கு நாள் நிறுத்தத்திலேயே இன்னொரு துப்பும் இருக்கிறது. லெவோதைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். நான்கு நாள் கழித்தும் மூன்றில் இரண்டு பங்கு உள்ளேதான் இருந்திருக்கும். ஹார்மோன்தான் குற்றவாளி என்றால் அவ்வளவு சீக்கிரம் தடிப்பு அடங்க நியாயமில்லை. சாயம், பிசின் போன்றவை அப்படி வாரக்கணக்கில் தங்குவதில்லை. ஆக, சந்தேகப்பட்டியலில் மிஞ்சுவது மூன்று: புது மாத்திரையின் துணைப்பொருள்களில் ஒன்று, அல்லது செட்ரிசின் அடக்கி வைத்த வேறு ஏதோ ஒரு காணாக்கடி (தோல் தடித்து அரித்து, தானே மறையும் அர்டிகேரியா), அல்லது அந்த மாதம் நீங்கள் கவனிக்காமல் சேர்த்துக்கொண்ட இன்னொரு பொருள்.

முதலில் அது காணாக்கடிதானா என்று பார்ப்போம். இதற்கு ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். கையில் புதிதாக எழும்பிய ஒரு தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டு, நேரத்தையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரம் பாருங்கள். கோட்டுக்குள் தோல் பழையபடி வழவழவென்று இருந்து, தடிப்பு வேறு இடத்தில் எழும்பியிருந்தால் அது காணாக்கடி. 24 மணி நேரம் தாண்டியும் கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, வலிக்கிறது, போகும்போது கன்றிய தழும்பு போல நிறம் விட்டுப் போகிறது என்றால் அது வேறு கதை. தோல் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும், சில சமயம் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கவும் வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் உதட்டிலோ விரலிலோ அதே இடத்தில் வட்டமாகக் கறுத்தால் அதுவும் மருந்து ஒவ்வாமைதான், ஆனால் வேறு வகை. பெரும்பாலும் வலி மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோதான் அங்கே ஆள். தடிப்பே இல்லாமல் தோல் வறண்டு, முழங்காலுக்குக் கீழே செதில் செதிலாக உரிந்து அரித்தால், மருந்தின் அளவு பற்றாமல் தைராய்டு குறைந்திருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

தடிப்பு எப்போது வருகிறது என்றும் எழுதுங்கள். காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் தினமும் வந்தால் மாத்திரை மேல் என் சந்தேகம் கூடும். மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் ராத்திரி படுக்கையில், இடுப்பு நாடா இறுக்கிய இடத்தில் வந்தால் குறையும்.

இங்கே தைராய்டு நோயாளிகளுக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. தைராய்டு குறைவில் பெரும்பாலானவை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவதால் வருபவை. ஹாஷிமோட்டோ என்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு, எந்த மருந்தும் உணவும் காரணமில்லாமல் தானாகவே மாதக்கணக்கில் வந்து போகும் காணாக்கடி மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. மாத்திரை சாப்பிட்டாலும் வரும், சாப்பிடாவிட்டாலும் வரும். அது தொடங்கிய வாரமும் கம்பெனி மாறிய வாரமும் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டால் பாவம், புது பாட்டில் மேல் பழி விழும்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவின் கதையும் இதே மாதிரிதான். மாத்திரை மாற்றியதிலிருந்து உடம்பெல்லாம் தடிப்பு என்று புது பாட்டிலை மேசை மேல் டக்கென்று வைத்தார். பழைய பாட்டில் எங்கே என்று கேட்டேன். அடுத்த முறை கொண்டுவந்தார். உள்ளே ஊக்கும் பட்டனும். (நம் வீடுகளில் தைராய்டு பாட்டில் காலியானதும் குப்பைக்கா போகிறது?) லேபிள் பத்திரமாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. "வேறு ஏதாவது மாத்திரை?" என்று மூன்றாவது முறை கேட்டபோதுதான், முட்டி வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு வலி மாத்திரை வெளியே வந்தது. அதை அவர் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, "அது சும்மா வலிக்குத்தானே டாக்டர்" என்றார். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வகையறா காணாக்கடியைக் கிளப்பவும் செய்யும், ஏற்கெனவே இருப்பதைக் கூட்டவும் செய்யும். அதை நிறுத்திய ஒரு வாரத்தில் அவருக்குச் சரியாகிவிட்டது. புதுக் கம்பெனி தைராய்டு மாத்திரையை இப்போதும் சாப்பிடுகிறார். உங்கள் கடிதத்தில் வேறு மாத்திரை பற்றி ஒன்றும் இல்லை. அதனால் கேட்கிறேன்: வலி மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து, புது ஹேர் டை, அந்த மாதம் ஏதாவது உண்டா?

இதைச் சொல்வதால் எல்லாமே தற்செயல், எல்லாமே மனசு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். துணைப்பொருளால் தோல் தடிப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். குறிப்பாகச் சாயத்தால். அமெரிக்காவில் சின்த்ராய்டு என்ற பிரபலமான மாத்திரையில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம். 50 மைக்ரோகிராம் மட்டும் வெள்ளை, சாயம் கிடையாது. அங்கே சாயம் ஒவ்வாதவர்களுக்கு மருத்துவர்கள் 100 வேண்டும் என்றால் இரண்டு 50, 75 வேண்டும் என்றால் ஒன்றரை 50 என்று எழுதிக் கொடுப்பது பழைய வழக்கம். உங்கள் இரண்டு பாட்டிலையும் திறந்து மாத்திரையின் நிறத்தைப் பாருங்கள். பழையது வெள்ளை, புதியது நிறம் என்றால் ஒரு நல்ல துப்பு கிடைத்தது. லேபிளில் துணைப்பொருள்களை நம்மூரில் பொதுவாக ஒவ்வொன்றாக எழுதுவதில்லை, "எக்சிபியன்ட்ஸ்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் சாயம் சேர்த்திருந்தால் "கலர்" என்று போட்டு அதன் பெயர் இருக்கும். டார்ட்ரசின், சன்செட் யெல்லோ என்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் கடை லட்டிலும், கேசரிப் பவுடரிலும், கலர் சர்பத்திலும் வருபவைதான். கல்யாண வீட்டுக் கேசரி சாப்பிட்டால் உங்களுக்கு எப்போதாவது அரித்திருக்கிறதா? வருடக்கணக்காக ஒன்றும் ஆனதில்லை என்றால், ஒரு மாத்திரையில் இருக்கும் துளிச் சாயம் மட்டும் உங்களைப் படுத்துவதற்கு வாய்ப்பு குறைவு.

மாத்திரையில் உள்ள லாக்டோஸால் தோல் தடிக்கும் என்று ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. பால் செரிக்காதவர்களுக்கு லாக்டோஸ் வயிற்றைத்தான் பிடிக்கும். தோலில் தடிப்பு எழுப்புவது அதன் வேலை இல்லை. மாத்திரையில் இருக்கும் அளவும் ஒரு டம்ளர் காபிப் பாலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நியூஸிலாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே கிட்டத்தட்ட எல்லாத் தைராய்டு நோயாளிகளும் எல்ட்ராக்ஸின் என்ற ஒரே மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார்கள். 2007இல் தயாரிக்கும் இடம் மாறியது, துணைப்பொருள்கள் மாறின, மஞ்சளாக இருந்த மாத்திரை வெள்ளையானது. மருந்து அதேதான். அதற்கு முந்தைய 30 வருடத்தில் பக்கவிளைவு என்று பதிவானவை வெறும் 14. மாறிய பிறகு 18 மாதத்தில் 1,400க்கு மேல். சோதித்துப் பார்த்தால் மருந்தின் தரத்தில் குறை எதுவும் தெரியவில்லை. தொலைக்காட்சியில் செய்தி வந்த பிறகு, அந்தச் செய்தியில் சொன்ன அதே தொந்தரவுகள் கூடுதலாகப் பதிவானதை ஆய்வாளர்கள் பின்னர் கவனித்தார்கள். பத்து வருடம் கழித்து 2017இல் பிரான்ஸிலும் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தபோது ஆயிரக்கணக்கில் புகார்கள், நீதிமன்றம் வரை போனது. மாத்திரை மாறியிருக்கிறது என்று தெரிந்தவுடன் நாம் உடம்பை உற்றுப் பார்க்க ஆரம்பிக்கிறோம். சோர்வு, தலைவலி, முடி கொட்டுதல் எல்லாம் அப்போது கண்ணில் படும். ஆனால் கண்ணால் பார்க்கக்கூடிய, பேனாவால் கோடு போடக்கூடிய தடிப்பை "உங்க மனப்பிரமைம்மா" என்று தள்ளும் மருத்துவரிடம் நீங்கள் தாராளமாகச் சண்டை போடலாம்.

சரி, இப்போது என்ன செய்வது? பழைய கம்பெனி மாத்திரையை, அதே 75 மைக்ரோகிராமில், வேறு கடைகளில் தேடுங்கள். திண்டுக்கல்லில் ஒரு கடையில் இல்லையென்றால் இன்னொன்றில் இருக்கும். கிடைத்ததும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதற்கு மாறுங்கள். வேறு எதையும் மாற்றாதீர்கள். அரிப்பு தாங்கக்கூடியதாக இருந்தால் முதல் சில நாட்களுக்குப் பிறகு செட்ரிசினையும் விட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்தில் செட்ரிசின் இல்லாமலே தடிப்பு நின்றுவிட்டால் புது மாத்திரை மேல் உள்ள சந்தேகம் வலுவாகிறது. அந்த பாட்டிலை ஒதுக்கிவிடலாம். பழைய மாத்திரையிலும் தடிப்பு தொடர்ந்தால் கம்பெனி காரணம் இல்லை, தோல் மருத்துவரைப் பாருங்கள். உறுதி செய்துகொள்ள ஆசைப்பட்டு ஒதுக்கிய பாட்டிலிலிருந்து வீட்டிலேயே மறுபடி ஒன்று போட்டுப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனையைச் செய்ய வேண்டுமா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

பழையது கிடைக்கவே இல்லையா? மருத்துவரிடம் சாயமில்லாத வெள்ளை மாத்திரை ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் 50ம் 25ம் சேர்த்து. இடையில் ஓரிரு நாள் மாத்திரை தவறினால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, அந்த ஏழு நாள் கணக்கு நமக்குச் சாதகம். ஆனால் இனி நாத்தனார் சொல்லி நிறுத்த வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள், தைராய்டை அறுவை செய்து எடுத்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

கம்பெனி மாறினால் தோலைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டியது அளவைப் பற்றித்தான். குடலில் உறிஞ்சப்படுவது கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வித்தியாசப்படலாம், தைராய்டு விஷயத்தில் அந்தக் கொஞ்சமும் கணக்கு. ஆறு வாரம் ஒரே மாத்திரையில் நிலையாக இருந்துவிட்டு, மருந்தின் அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பாருங்கள். அதற்கு முன் பார்ப்பது காசுக்குக் கேடு. அளவு கூடிப்போனால்கூடத் தோல் சூடாகி, வியர்த்து, அரிக்கலாம். பாட்டில் காலியாக இரண்டு வாரம் இருக்கும்போதே கடையில் சொல்லி வைத்தால் இந்தத் தலைவலியே வராது. மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுவது, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போடுவது உங்களுக்குத் தெரிந்தே இருக்கும்.

காத்திருக்கக் கூடாத நேரம்: உதடு, கண் இமை, நாக்கு வீங்கினால், குரல் கரகரத்தால், மூச்சு இழுத்தால், தலை சுற்றிக் கண் இருட்டினால் 108ஐ அழையுங்கள். காய்ச்சலோடு வாய்க்குள் புண், கண் சிவப்பு, தோல் கொப்பளித்து உரிதல் என்று வந்தாலும் அதே அவசரம்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் தைராய்டு அதிகமாகி கார்பிமசோல் சாப்பிடுபவர்கள் இருப்பீர்கள். மேலே சொன்ன சமாதானம் உங்களுக்குப் பொருந்தாது. அந்த மருந்தே அரிப்பும் தடிப்பும் தருவது சகஜம். லேசாக இருந்தால் அலர்ஜி மாத்திரையோடு சமாளிக்கலாம், மருத்துவர் சொல்வார். ஆனால் காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த வெள்ளையணு எண்ணிக்கை பார்த்தாக வேண்டும்.

பழைய மாத்திரைக்கு மாறித் தடிப்பு நின்றுவிட்டால் ஒரு வேலை செய்யுங்கள். மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய மத்திய அரசின் இலவச எண் 1800 180 3024. நோயாளியே அழைத்துச் சொல்லலாம். பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அது யார் மேலும் கொடுக்கும் புகார் இல்லை. பல ஊர்களிலிருந்து ஒரே பேட்ச் எண் வந்தால்தான் அவர்களுக்கு ஏதாவது புரியும்.

இருநூறு பொருளுக்கு ஒரே ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் என்ற விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். உங்கள் பிரச்சினைக்கு அதில் விடை இல்லை, அந்தப் பணத்தில் நான்கைந்து தடவை டிஎஸ்எச் பார்க்கலாம். அரிப்புக்கென்று கடையில் தரும் மூன்று மருந்து கலந்த களிம்பும் வேண்டாம். அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். காணாக்கடிக்கு ஒன்றும் செய்யாது, தோலை மட்டும் மெலிய வைக்கும்.

அப்புறம் உங்கள் பின்குறிப்பு. கத்தரிக்காயை நிறுத்தியும் இரண்டாம் நாளே தடிப்பு வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கருவாட்டை வேண்டுமானால் பழைய மாத்திரைக்கு மாறி, இரண்டு வாரம் முடியும் வரை தள்ளிப் போடுங்கள். மாமியாருக்கும் ஒரு திருப்தி. கத்தரிக்காய்க் குழம்பை இன்றைக்கே வைக்கலாம்.